வந்தவர்க்கு வைத்தியம்

பிழைப்பைத் தேடிக் கடல் கடந்து வருகிற மனிதனிடம், அவன் வந்து சேரும் நாடு முதலில் கேட்பது அவனுடைய உடம்பைத்தான். அவன் அறிவையோ, குணத்தையோ, ஊரில் விட்டு வந்த கடனையோ எவரும் விசாரிப்பதில்லை. மார்பைப் படம் பிடிக்கிறார்கள். இரத்தமும் சிறுநீரும் எடுத்துப் பார்க்கிறார்கள். உடம்பு சரியாயிருந்தால் வேலைக்கு அனுமதி. இல்லையேல் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். இது நியாயமே என்று வைத்துக்கொள்வோம். ஆனால் அதே உடம்பு, வந்த நாட்டில் வெயிலிலும் மழையிலும் உழைத்து, இளைத்து, ஒருநாள் நோயுற்று விழுமானால் அதற்கு வைத்தியம் செய்விக்க வேண்டியவர் யார்? செலவு யாரைச் சேர்ந்தது? இக்கேள்வி நமக்குப் புதியதன்று. நூறு வருஷங்களுக்கு முன் நம் பாட்டன்மார் இக்கேள்வியின் நடுவிலேதான் கிடந்தார்கள். இன்று அவ்விடத்தில் வேறு மனிதர்கள் கிடக்கிறார்கள். நாமோ ஆபீஸ் நாற்காலியில் அமர்ந்து அவர்களுடைய பத்திரங்களைப் பூர்த்தி செய்துகொண்டிருக்கிறோம்.

‘நாம்’ என்று நான் சொல்வது பேச்சுக்காக அன்று. பாச்சாங்கில் குடியிருந்துகொண்டு, மலாக்கா நாட்டுப்புறத்துத் தோட்டமொன்றில் கிராணி வேலை பார்க்கிறவன் நான். செக்ரோல் எழுதுவதைவிட அயல்நாட்டுத் தொழிலாளருடைய கோப்புகளைக் கட்டிக் காப்பதிலேயே என் பொழுது அதிகம் கழிகிறது. இந்தோனேசியர், வங்காளதேசத்தார், நேபாளியர், நம் தமிழ்நாட்டார் சிலர் என ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு. அதில் பாஸ்போர்ட்டின் நகல், வேலைப் பெர்மிட், ஃபொமேமாப் பரிசோதனைச் சீட்டு, சொக்சோ எண், காப்புறுதிப் பத்திரம் இருந்தால் அதுவும். ஒரு மனிதனின் ஆரோக்கியம் முழுவதும் இந்தக் காகிதங்களுக்குள் அடங்கிவிட்டதாகப் பார்ப்பவர்கள் நினைக்கக்கூடும். ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்தால்தான் உண்மை விளங்கும்.

ஃபொமேமா என்பது 1997-ம் வருஷத்தில் ஏற்பட்ட ஏற்பாடு. நாடு முழுவதும் உள்ள குறிப்பிட்ட வைத்தியர்கள் வாயிலாக அயல்நாட்டுத் தொழிலாளர் பரிசோதிக்கப்படுகிறார்கள். வந்திறங்கியதும் ஒருமுறை, பின்னர்ப் பெர்மிட்டைப் புதுப்பிக்கும் காலங்களில் மறுபடியும். காசநோய், மஞ்சட்காமாலை, மேகநோய் முதலானவற்றைத் தேடுகிறார்கள். பெண்களாயின் கர்ப்பமும் பார்க்கப்படும். ‘தகுதியற்றவர்’ என்று முடிவு வந்தால் அந்த மனிதர் ஊருக்குத் திரும்ப வேண்டும். இப்பரிசோதனை நோயாளியைக் கண்டுபிடிக்க ஏற்பட்டதே அன்றி நோயாளிக்கு வைத்தியம் செய்ய ஏற்பட்டதன்று. எங்கள் தோட்டத்தில் பரிசோதனைக்குப் புறப்படும் நாளில் வாலிபர்கள் முகத்தில் தெரியும் கலக்கத்தைப் பார்த்தால், அவர்கள் வைத்தியரிடம் போகிறார்களா, நியாயஸ்தலத்துக்குப் போகிறார்களா என்று ஐயுற வேண்டியிருக்கும். இருமலை மறைப்பது எப்படி என்று ஒருவருக்கொருவர் யோசனை சொல்லிக்கொள்வதையும் நான் கேட்டிருக்கிறேன். நோயைச் சொன்னால் பிழைப்புப் போகும் என்னும் இடத்தில் எவன் நோயைச் சொல்லுவான்?

சொக்சோ நல்ல ஏற்பாடு. ஆனால் அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1993-ல் அயல்நாட்டார் அத்திட்டத்திலிருந்து விலக்கப்பட்டு, 1952-ம் வருஷத்துத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் கீழ் வைக்கப்பட்டார்கள். இருபத்தைந்து வருஷங்களுக்கு மேல் சென்றபின், 2019 ஜனவரி முதல் தேதிதான் வேலையில் நேரும் விபத்துக்கான காப்பு அவர்களுக்கு மீண்டும் கிடைத்தது. 2024 ஜூலையில், உழைக்கும் சக்தியை நிரந்தரமாக இழந்தவர்களுக்கான காப்பும் சேர்ந்தது. ஆகவே செம்பனைக் குலை தலையில் விழுந்தாலும், அரிவாள் தவறித் தோளைக் கிழித்தாலும் இன்று கேட்க இடமுண்டு. ஆனால் அதே மனிதருக்குக் கொசுவினால் டெங்கிக் காய்ச்சல் வந்தாலோ, குடல்வால் வீங்கினாலோ அது பெரும்பாலும் ‘வேலையில் நேர்ந்தது’ ஆகாது. நோய் எங்கே பிடித்தது என்பதைக் கொண்டு நோயாளியின் தகுதி தீர்மானிக்கப்படுகிறது.

இந்த இடைவெளியை அடைக்கவே ஸ்பிக்பா என்னும் ஆஸ்பத்திரிக் காப்புறுதி 2011 ஜனவரியில் கட்டாயமாக வந்தது. வருஷத்துக்கு 120 வெள்ளி சந்தா. தனியார் காப்புறுதிக் கம்பெனிகள் நடத்துவது. முதலில் வருஷத்துக்கு 10,000 வெள்ளி வரை ஆஸ்பத்திரிச் செலவு என்றிருந்தது, பின்னர் 20,000 ஆயிற்று. படுக்கையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கும் அறுவைக்கும் மட்டுமே இது உதவும். வெளிநோயாளியாகப் போய் மருந்து வாங்கி வருவதற்கு உதவாது. பத்திரம் இருக்குமானால் கம்பெனி ஆஸ்பத்திரிக்கு உத்தரவாதக் கடிதம் கொடுக்கும். முன்பணம் கட்ட வேண்டியதில்லை. இந்தக் கடைசி வாக்கியந்தான் முக்கியமானது. ஏனெனில், 2014-ம் வருஷத்துக் கட்டண ஆணைக்குப் பிறகு அயல்நாட்டாருக்கு அரசாங்க ஆஸ்பத்திரிக் கட்டணங்கள் படிப்படியாக உயர்ந்தன. மூன்றாம் வகுப்பு வார்டில் சேர 600 வெள்ளியாயிருந்த முன்பணம் 1,400 ஆயிற்று. அறுவைச் சிகிச்சையானால் 1,200 ஆயிருந்தது 2,800 ஆயிற்று. பிரஜையாகிய நான் ஒரு வெள்ளியை நீட்டி வைத்தியரைப் பார்த்து வருகிறேன். 2025-ல் 1,700 வெள்ளியாக நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்சச் சம்பளத்தில் பெரும்பகுதியை ஊருக்கு அனுப்பிவிடும் தொழிலாளி, அறுவைக்கு முன் ஒன்றரை மாதச் சம்பளத்துக்கு மேல் வைக்க வேண்டும்.

பத்திரம் இருந்தால் போதுமா? இதற்கு விடையாக, எனக்குத் தெரிந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுகிறேன்.

சிவகங்கைப் பக்கத்து வாலிபர் ஒருவர். வடக்கே ஒரு பட்டணத்தில் சாப்பாட்டுக் கடையில் பரோட்டாப் போடும் வேலை. ஒருநாள் அடிவயிற்றில் வலி. குடலேற்றம் என்று உடனிருந்தவர்கள் எண்ணெய் விட்டு உருவினார்கள். (குடல்வால் வீங்கிய வயிற்றை உருவுவதைப் போன்ற ஆபத்து வேறில்லை, நம்மவரில் படித்தவர் வீட்டிலும் இந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.) வலி தணியாமையால் தனியார் கிளினிக்கு ஒன்றில் இரண்டு தடவை ஊசி போட்டுக்கொண்டார், கையிலிருந்த பணம் அதிலே கரைந்தது. மூன்றாம் நாள் உடம்பு கொதித்து, நிமிர்ந்து நிற்க முடியாமற் போயிற்று. அப்பொழுதும் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக மறுத்தார். ‘முன்பணம் கேட்பாங்க சார், இல்லேன்னா போலீஸைக் கூப்பிடுவாங்கன்னு சொன்னாங்க’ என்று பின்னர் என்னிடம் சொன்னார். பெர்மிட் இருப்பவருக்குப் போலீஸ் பயம் ஏன் என்று கேட்டேன். பெர்மிட்டைத் தாம் கண்ணால் பார்த்ததே இல்லை என்றார்.

உடன் தங்கியிருந்தவர்கள் துண்டை விரித்துப் பணம் சேர்த்து அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். குடல்வால் உடைந்து சீழ் பரவியிருந்தது. வைத்தியர்கள் நல்லவர்கள், உடனே கத்தி வைத்துக் காப்பாற்றினார்கள். பத்து நாள் கழித்து வெளியே வந்தபோது பில்லும் கூடவே வந்தது. ஓய்வுக்காகப் பாச்சாங்கில் முடி திருத்தும் கடையில் வேலை செய்யும் தம் அண்ணன் முறையாரிடம் வந்து தங்கினார். அந்த அண்ணன்தான் காகிதங்களை என்னிடம் கொண்டுவந்து, ‘கிராணியார் கொஞ்சம் படிச்சுச் சொல்லணும்’ என்றார். கடை முதலாளியிடம் தொலைபேசியில் கேட்டு வரவழைத்த நகல்களுக்குள், ஒரு மூலையில், காப்புறுதிப் பத்திரத்தின் எண் இருந்தது. காலாவதியாகவில்லை. வலி தொடங்கிய நாளிலும், துண்டு விரித்த நாளிலும், கத்தி வைத்த நாளிலும் அந்தப் பத்திரம் உயிரோடுதான் இருந்தது. முதலாளியின் மேசை அறையில் இருந்தது. சந்தா அவருடைய சம்பளத்தில் பிடிக்கப்பட்டிருந்தது என்பதையும் அன்றுதான் அவர் அறிந்தார். ‘தம்பி, இது உங்களுடைய பணம்’ என்று நான் சொன்னபோது அவர் அந்தத் தாளை நம்பாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கடிதம் எழுதினோம், செலவில் ஒரு பங்கு திரும்பி வந்தது, முழுவதும் வரவில்லை. கிளினிக்கில் கொடுத்த பணம் போனது போனதுதான்.

முதலாளி கொடியவர் என்று நான் எழுத வரவில்லை. அவர் சட்டப்படி வாங்க வேண்டியதை வாங்கினார். வாங்கியதைச் சட்டப்படி பத்திரமாக வைத்தார். குற்றம் அந்த ‘வைத்தலில்’ இருக்கிறது. காப்புறுதி நோயாளியின் பெயரில் இருக்கிறது, பத்திரமோ வேறொருவர் கையில் இருக்கிறது. அதன் பாஷை ஆங்கிலம் அல்லது மலாய். ஆங்கிலப் பள்ளியில் படித்த எனக்கே விலக்கு நிபந்தனைகளை இரண்டு முறை வாசிக்க வேண்டியிருந்தது. பெர்மிட்டு புதுப்பிக்கப்படாவிட்டால் காப்புறுதியும் உடன் சாகிறது. முதலாளி அசட்டையாயிருந்தாலும், தொழிலாளி கொடுமை தாங்காமல் ஓடிப்போனாலும் விளைவு ஒன்றே. அவ்வாறு பத்திரமற்றுப் போனவர்களின் நிலைமையைச் சொல்லவே வேண்டாம். அப்படிப்பட்டவர் வைத்தியத்துக்கு வந்தால் போலீசுக்கும் குடிநுழைவு இலாகாவுக்கும் தெரிவிக்க வேண்டும் என்று 2001-ல் சுகாதாரத் தலைமை இயக்குநர் ஆஸ்பத்திரிகளுக்குச் சுற்றறிக்கை விடுத்தார். பரோட்டாக் கடை வாலிபர் கேட்ட வதந்தி முழுப்பொய் அன்று. அது அவருக்குப் பொருந்தாத உண்மை. தமக்குப் பொருந்துமா பொருந்தாதா என்று அறிய அவரிடம் ஒரு காகிதமும் இல்லை.

நிற்க. தோட்டங்களின் கதை வேறு. அதுதான் என்னை இதை எழுதத் தூண்டியது. ஸ்பிக்பா கட்டாயமாக்கப்பட்டபோது இரண்டு வகுப்பார் அக்கட்டாயத்திலிருந்து விடப்பட்டார்கள்: வீட்டு வேலைக்காரர் ஒருவர், தோட்டத் தொழிலாளர் மற்றவர். இவர்களுக்கு முதலாளி விரும்பினால் எடுக்கலாம். வீட்டு வேலைக்காரரின் காரியத்தைப் பற்றிப் பிறர் எழுதட்டும். தோட்டத்தாரை ஏன் விட்டார்கள்? தோட்டத் தொழிலாளிக்கு வைத்தியம் செய்விப்பது தோட்ட நிர்வாகத்தின் கடமை என்பது இந்நாட்டுச் சட்டங்களில் ஊறிப்போன எண்ணம். வேலையாட்களின் குடியிருப்பு, வசதிகள் பற்றிய 1990-ம் வருஷத்துச் சட்டத்திலும் அவ்வெண்ணம் இருக்கிறது. தோட்டத்தில் ஆஸ்பத்திரி இருக்கும், தனியே காப்புறுதி எதற்கு என்பதே இந்த விலக்கின் அடியில் கிடக்கும் நினைப்பு என்பது என் துணிபு.

அந்த ஆஸ்பத்திரி எப்படி வந்தது? மலாக்காவில் புக்கிட் லிந்தாங்கில் 1896-ல் டான் சே யான் ரப்பர் நட்டார்; அதன்பின் சில வருஷங்களில் மலாயா எங்கும் காடு அழிந்தது; கப்பல் கப்பலாய் நம்மவர் வந்தார்கள். வந்தவர்களைக் கொன்றது புலியன்று, மலைக்காய்ச்சல். சர் மால்கம் வாட்சன் என்னும் வைத்தியர் 1901-ல் கிள்ளானுக்கு வந்து, சதுப்பு நிலத்தை வடித்து, கிள்ளானிலும் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் காய்ச்சலைத் தாழ்த்திக் காட்டினார். அதே முறையை மேட்டு நிலத் தோட்டங்களில் செய்தபோது பலிக்கவில்லை. காட்டை வெட்டியதும் மலையோடைகளில் வெயில் பட்டது. வெயில் பட்ட தெளிந்த நீரில் வேறு சாதிக் கொசு பெருகியது. ஆகவே அங்கே ஓடைகளைப் பூமிக்கடியில் குழாய் வைத்து மறைத்தார்கள். மற்ற இடங்களில் எண்ணெய் தெளித்தார்கள். மாண்ட தொழிலாளியைக் காட்டிலும் குழாய் மலிவு என்பதைத் துரைமார் அப்பொழுது கண்டுகொண்டார்கள். தோட்டம் தோறும் ஆஸ்பத்திரி வைக்க வேண்டும், சிறு தோட்டங்களானால் பல சேர்ந்து ஒன்று வைக்கலாம் என்று தொழிலாளர் சட்டங்கள் விதித்தன. ‘உள்ளே போனவன் நடந்து வரமாட்டான்’ என்று முதலில் ஜனங்கள் அஞ்சி ஒளிந்தார்கள் என்பதும், டிரஸர் லயத்துக்கு லயம் வந்து குயினாவைத் தம் கண் முன்னே விழுங்கச் செய்வார் என்பதும் என் பாட்டியார் வாயிலாக நான் கேட்டவை. இரக்கத்தினால் கட்டப்பட்டவையல்ல அவ்வாஸ்பத்திரிகள். ஆயினும் சட்டம் கட்டச் சொன்னது, கட்டினார்கள், ஜனங்கள் பிழைத்தார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1907-ல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்று ஏற்பட்டது. தொழிலாளியை வேலைக்கு வைத்த ஒவ்வொரு முதலாளியும் தலைக்கு இவ்வளவு என்று அதற்குக் கட்ட வேண்டும். ஆள் கொண்டுவரும் செலவுக்காகத்தான் அந்நிதி முக்கியமாக ஏற்பட்டது. எனினும் உடம்பு தளர்ந்தவரை ஊருக்குத் திருப்பி அனுப்பவும் அது பயன்பட்டது. அந்நிய ஆட்சியில், முதலாளிமார் நலத்துக்கென்றே அமைந்த ஓர் ஏற்பாட்டில்கூட, பணம் முதலாளியிடமிருந்துதான் பெறப்பட்டது, கூலியின் மடியிலிருந்தன்று. நூற்றுச் சொச்சம் வருஷங்களுக்குப் பிறகு வந்த ஸ்பிக்பாவிலோ சந்தா தொழிலாளியின் பொறுப்பில் வைக்கப்பட்டது. இதை முன்னேற்றம் என்பதா?

தோட்ட ஆஸ்பத்திரிகள் இன்று எங்கே? பெரும்பாலானவை மூடப்பட்டுவிட்டன. மலாக்காவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் அக்கட்டடங்கள் சில சாமான் அறைகளாகவும், சில வெறும் தூண்களாகவும் நிற்கின்றன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தமிழர் பட்டணத்துத் தாமான்களுக்குப் பெயர்ந்தார்கள். ஆள்தொகை சுருங்கிய தோட்டத்தில் ஆஸ்பத்திரி நடத்துவானேன் என்று விட்டார்கள். சில இடங்களில் எச்.ஏ. ஒருவர் மருந்தகத்தில் இருக்கிறார். சில இடங்களில் பட்டணத்துக் கிளினிக்கு ஒன்றோடு ஒப்பந்தம். காய்ச்சலுக்கும் வெட்டுக் காயத்துக்கும் அது போதும். இரத்தம் ஏற்ற வேண்டுமானால், வயிற்றைத் திறக்க வேண்டுமானால் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிதான் கதி. அங்கே முன்பணம். நல்ல கம்பெனி கட்டிவிடும். விருப்பத்தின்பேரில் காப்புறுதி எடுத்து வைத்திருக்கிற கம்பெனிகளும் உண்டு. ஆள் ஏஜெண்டு மூலம் பத்துப் பேரை வைத்துக்கொண்டு, ஒப்பந்தத்தின்மேல் பழம் வெட்டிக் கொடுக்கிற சிறு காண்டிராக்டரிடம் போய்க் கேட்டுப் பாருங்கள். ஆஸ்பத்திரி மறைந்துவிட்டது, ஆஸ்பத்திரியை நம்பிக் கொடுத்த விலக்கு மட்டும் மறையவில்லை.

இதை நம்மவரிடம் சொன்னால் என்ன பதில் வருகிறது? ‘இவர்களால்தான் ஆஸ்பத்திரியில் கூட்டம், நமக்கு மருந்து கிடைக்கவில்லை’ என்கிறார்கள். பாச்சாங் காப்பிக் கடையில் ஒரு பெரியவர் இதை மேசையைத் தட்டிச் சொன்னார். அவர் தகப்பனார் நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர். ‘ஐயா, அவர் வந்தபோதும் இதே வார்த்தையைச் சொன்னவர்கள் இருந்திருப்பார்களே’ என்றேன். ‘அது வேறே, தம்பி, நாங்க இந்த நாட்டைக் கட்டினோம்’ என்றார். இப்பொழுது கட்டுகிறவர் யார் என்று நான் கேட்கவில்லை. எதிரே புதிய அடுக்குமாடிக்குச் சாரம் ஏறிக்கொண்டிருந்தவர்கள் வங்காளதேசத்து வாலிபர்கள். பெரியவரும் அதைப் பார்த்தார். கூட்டம் உண்டு; மருந்துக்குக் காத்திருக்க வேண்டியதும் உண்மைதான். ஆயினும் வைத்தியரும் படுக்கையும் போதாமைக்கு, முன்பணத்துக்கு அஞ்சி ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காதவனைக் காரணமாகச் சொல்லுவது எப்படி? நம்மிலும் பிறப்புப் பத்திரமின்றி, அடையாள அட்டையின்றி வளர்ந்தவர்கள் உண்டு. இங்கேயே பிறந்த அவர்கள் கவுண்டரில் நிற்கும்போது அயலாராகவே எண்ணப்படுகிறார்கள். அயலார் கட்டணம் என்னும் கத்தி யார் மேல் விழும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

2021-ல் கொரோனாத் தடுப்பூசியை இந்நாட்டு அரசாங்கம் அயல்நாட்டாருக்கும் இலவசமாகவே போட்டது. அதற்கு முந்திய வருஷம் தொழிலாளர் விடுதிகளில் நோய் பரவியதைப் பார்த்த பிறகு, ஒருவனை விட்டு மற்றவனைக் காக்க முடியாது என்பதை விளக்க எவருக்கும் பிரசங்கம் தேவைப்படவில்லை. பஸ்ஸில் ஏறிப் போய் ஒரே வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொண்டார்கள். பிரஜையும் அயலானும் ஒரே நாற்காலியில் மாறி மாறி உட்கார்ந்தார்கள். செய்ய முடியாத காரியம் அன்று என்பதற்கு அது போதும்.

அயலான் என்ற சொல்லும் பணத்தைப் பொறுத்தது. சுமத்திராவில் டூமாயிலிருந்து கப்பல் மலாக்காத் துறைக்கு வருகிறது. அதில் வரும் இந்தோனேசியரில் சிலர் நோயாளிகள். 1994 முதல் நடைபெறும் மக்கோத்தா வைத்தியசாலை போன்ற தனியார் ஆஸ்பத்திரிகளுக்கு வருகிறவர்கள். அவர்களுக்கு மரியாதையான வரவேற்பு. ‘மருத்துவச் சுற்றுலா’ என்று அதற்கு ஒரு பெயரும், வளர்க்க ஓர் அமைப்பும் உண்டு. அதே சுமத்திராவிலிருந்து செம்பனை வெட்ட வந்தவர் காய்ச்சலோடு லயத்தில் படுத்திருக்கிறார். இருவரும் ஒரே நாட்டார், பேசுவது ஒரே பாஷை.

தோட்டத்தார்க்கு ஸ்பிக்பாவைக் கட்டாயமாக்க வேண்டும்; சந்தாவை முதலாளி கட்ட வேண்டும். மாதத்துக்குப் பத்து வெள்ளி. ஒரு தோட்டத்தின் உரச் செலவுக் கணக்கைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்லுகிறேன், இது கம்பெனியை ஆட்டிவிடும் தொகையன்று. சட்டம் வரும்வரையில் செய்யக்கூடியதும் உண்டு. பத்திரத்தின் பிரதி தொழிலாளியின் கையில் இருக்க வேண்டும். அதில் என்ன எழுதியிருக்கிறதென்று அவன் பாஷையில் ஒருவர் சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் திருவிழாவுக்கு வாழைமரமும் விளக்கும் கட்ட வரி வசூலிக்கும் நம் சங்கத்தார், ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசை போட்டு உட்கார்ந்து தமிழ்நாட்டிலிருந்து வந்த கடைத் தொழிலாளரின் பத்திரங்களை வாசித்துச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

எங்கள் தோட்டத்தில் மானேஜர் சம்மதித்துச் சென்ற தவணையில் எல்லோருக்கும் காப்புறுதி எடுத்தார். பிரட்டுக்கு முன்னே பிரதிகளைக் கையில் கொடுத்து, எந்த ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும், எது இதில் சேராது என்று நான் மலாயில் சொல்ல, மற்ற பாஷைகளில் அவரவருள் பழையவர்கள் சொன்னார்கள். வங்காளதேசத்தார் ஒருவர் தாளை நாலாக மடித்துக் கைப்பேசி உறைக்குள் செருகிக்கொண்டார். நேபாளியர் ஒருவர் எல்லோரும் போகும்வரை நின்று, ஊரில் இருக்கும் தம் மனைவிக்கும் இதில் இடம் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் தலையசைத்துவிட்டு அரிவாளை எடுத்துக்கொண்டு லாரியில் ஏறினார்.